இருப்பில் உள்ள குறை

கதைச் செம்மைக் கழகத்தின் முத்திரை இல்லாத புத்தகத்தை எந்த அச்சகமும் தொடாது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். லிப்ட் மெக்கானிக்குக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் எழுத்துக்காரர் இல்லை. தம்பியைப் பற்றி நாலு பேரிடம் வாயால் சொல்லிப் பார்த்து, ஒருவரும் காது கொடுக்காததால் வேறு வழியில்லாமல் பேனாவைப் பிடித்தவர்.

தம்பி ஒரு சோப்புத் தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். நீராவி அளவு மீறினால் தானாகத் திறந்துகொள்கிற வால்வு ஒன்று பாய்லரில் உண்டு. அது அடிக்கடி திறந்து நீராவி வீணாகிறது, உற்பத்தி குறைகிறது என்று அதைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். தம்பி அறுத்தான். மறுபடி கட்டினார்கள். மறுபடி அறுத்தான். "இந்த ஆர்டர் முடியட்டும்" என்று சொல்லி சூப்பர்வைசர் மூன்றாம் முறையும் கட்ட வைத்தார். ஆர்டர் முடிகிறவரை பாய்லர் காத்திருக்கவில்லை. அடுத்த அறையில் சோப்புக்கு உறை போட்டுக்கொண்டிருந்த பெண்களை விரட்டி வெளியே தள்ளிவிட்டு, எரிபொருளை நிறுத்துவதற்காக உள்ளே ஓடிய தம்பி திரும்பி வரவில்லை. பணியில் இருந்தவர் குடித்துவிட்டுத் தூங்கியதே விபத்துக்குக் காரணம் என்று தொழிற்சாலை மறுநாள் அறிக்கை விட்டது. பேப்பர்காரர்கள் அதை அப்படியே போட்டார்கள். அந்தப் பெண்கள் இன்னமும் அங்கேதான் உறை போடுகிறார்கள். அதனால் அவர்களுக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

குடியாம், குடி! அந்தத் தம்பி சோடா குடித்தாலே விக்கல் எடுத்து அவதிப்படுகிற ஆள். யாராவது பாட்டிலை நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். ஆனால் தெருவுக்கு இதெல்லாம் தேவையா? லாண்டரியில் இஸ்திரி போடும் அவன் மனைவிக்கு 'குடிகாரன் பெண்டாட்டி' என்று பேர் விழுந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நிற்கும். திரும்பி நடந்தால் பேச்சு தொடரும்.

"மாமா, அவங்க அச்சடிச்சுச் சொல்லிட்டாங்க" என்றாள் அவள் மெக்கானிக்கிடம். "நாம வாயால சொன்னா எடுபடுமா? நீங்களும் அச்சடிச்சுச் சொல்லுங்க."

அப்படித்தான் அவர் எழுதினார். தலைப்பு 'என் தம்பி குடிக்க மாட்டான்.' புத்தகத்தில் இருந்ததும் அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கழகத்தின் வாசல் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றவன் நான். தேனீ வளர்ப்பு பற்றி ஒரு கையேடு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். பெட்டி எங்கே வைக்க வேண்டும், புகை எப்படிப் போட வேண்டும், கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்கிற மாதிரியான சாதுவான புத்தகம். வரிசை நகரவே நகராது என்பதால் பேசிப் பேசிப் பழகிவிட்டோம்.

கழகம் ஆறு மாடிக் கட்டிடம். உள்ளே நுழைந்ததும் லிப்ட். அதன் கதவில் 'மேம்பாட்டில் உள்ளது' என்று ஒரு பலகை. பலகை பழுத்து மஞ்சளாகியிருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்ததும் கை அரிக்கிற மாதிரி விரல்களைத் தேய்த்துக்கொண்டார். "அரை நாள் வேலைங்க" என்றார் என்னிடம் மெதுவாக. வாயில் காவலர் எங்கள் இருவரையும் படிக்கட்டுப் பக்கம் தள்ளினார்.

முத்திரைக்கு முன்னால் பயிற்சி. கதை சொல்லத் தெரிந்தவனாக இருந்தாலும் சரி, தேனீ வளர்க்கிறவனாக இருந்தாலும் சரி, கழகத்தின் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தாக வேண்டும். பயிற்சியாளர் ஒரு கதையும் எழுதியவர் அல்ல. எழுதினால் நடுநிலை போய்விடும் என்று அவரே சொன்னார். வகுப்பு தொடங்கும்போது எல்லாரும் எழுந்து நின்று வலது கையை நீட்டி "சொல்லாதே, காட்டு!" என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். பிறகு அவர் பலகையில் ஒரு மலை வரைவார். அடிவாரத்தில் நாயகன், உச்சியில் நெருக்கடி, அந்தப் பக்கம் இறங்கினால் திருந்தியவன். ஒவ்வொருவராகப் போய் அவரவர் கதையின் மலையை வரைந்து காட்ட வேண்டும்.

மெக்கானிக் பலகைக்குப் போய் மேலிருந்து கீழே நேராக ஒரு கோடு போட்டுவிட்டு வந்தார்.

"இதுல மலை எங்க?" என்றார் பயிற்சியாளர்.

"பாய்லர் சமதளத்துலதான் சார் இருந்துச்சு."

"நீங்க எழுதியிருக்கறதைப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து சொல்லிக்கிட்டே போறீங்க. சொல்லக் கூடாது. காட்டணும்."

"காட்டறதுக்கு அவன் இல்ல சார். அதனாலதான் சொல்றேன்."

வகுப்பில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பயிற்சியாளர் கூட ஒரு நிமிடம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வாக்கியத்தை எழுதிக்கொள்வதற்காக என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வகுப்பில் உருக்கமான வசனத்துக்கு எடுத்துக்காட்டாக அதைத்தான் சொல்லிக்கொடுத்தாராம், தன்னுடையது என்று.

பயிற்சி முடிந்து மாடி ஏறத் தொடங்கினோம். முதல் மாடி தொடக்கப் பிரிவு. அங்கே இருந்த அம்மையார் முதல் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி நீட்டினார். 'என் தம்பி சோடா கூடக் குடிக்க மாட்டான்' என்பது மெக்கானிக்கின் முதல் வரி.

"இதுல கொக்கி இல்ல" என்றார். சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு மேலே எழுதினார்: 'அன்று அவன் வாயிலிருந்து வந்தது சோப்பின் வாசனை அல்ல.'

"அப்ப என்ன வாசனை மேடம்?"

"பார்த்தீங்களா, கேட்டுட்டீங்க. அதுதான் கொக்கி."

"அடுத்த பக்கத்தைப் படிச்சீங்கன்னா—"

"அடுத்த பக்கம் என் பிரிவுல வராது."

"அப்ப முழுசா யாருதான் மேடம் படிப்பாங்க?"

அம்மையார் சிரித்தார். "முழுசா படிக்கறது வாசகர் வேலைங்க. அதையும் நாங்களே செஞ்சுட்டா அவங்களுக்கு என்ன மிச்சம்?"

என்னுடைய முதல் வரி 'தேனீப் பெட்டியை நிழலில் வைக்கவும்' என்பது. அது 'நிழலில் அவள் காத்திருந்தாள்' என்று மாறியது. யார் அவள் என்று நான் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் கொக்கி என்பார்கள்.

இரண்டாம் மாடி முரண் பிரிவு. எதிர்நாயகனுக்கும் ஒரு நியாயம் வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. வால்வைக் கட்ட வைத்த சூப்பர்வைசருக்குப் படுத்த படுக்கையாக ஒரு தாயைச் சேர்த்தார்கள். ஆர்டர் முடிந்தால்தான் தாய்க்கு மருந்து. உண்மையில் அந்தத் தாய் மெக்கானிக்கின் தெரு முனையில் காய்கறி விற்கிறார். கூடையை யார் உதவியும் இல்லாமல் தலைக்கு ஏற்றுவார். மெக்கானிக் இதைச் சொன்னபோது, "அவங்க ஆரோக்கியம் கதைக்குத் தேவையில்லாத தகவல்" என்றார்கள்.

மூன்றாம் மாடியில்தான் வினை காத்திருந்தது. குறைப் பிரிவு. கம்பி போட்ட ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் அலுவலர், அவருக்குப் பின்னால் சுவரோடு சுவராக இழுப்பறைகள்.

"நாயகனோட குறை என்ன?" என்றார் நிமிராமல்.

"குறை ஒண்ணும் இல்ல சார். நல்ல பையன்."

அலுவலர் நிமிர்ந்தார். "குறையில்லாத நாயகனை மேல அனுப்பினா என் வேலை போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

மெக்கானிக் உண்மையாகவே யோசித்தார். "சோடா குடிச்சா விக்கல் வரும் சார்."

"விக்கல் உடம்புக் கோளாறு. எனக்கு மனக் கோளாறு வேணும்."

"செருப்பை எங்க விட்டோம்னு மறந்துடுவான்."

"மறதியெல்லாம் துப்பறியும் கதைக்கு ஒதுக்கினது. தொட முடியாது." அலுவலர் நாற்காலியைத் திருப்பி இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "எல்லாப் புத்தகத்துலயும் ஒரே குறை வந்துடக் கூடாதுன்னு காலாண்டுக்கு இவ்வளவுன்னு ஒதுக்கீடு வச்சிருக்கோம். முன்கோபம் போன மாசமே தீர்ந்துபோச்சு. சந்தேகத்தை ஒரு குடும்ப நாவல் மொத்தமா அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. பேராசை தேர்தல் முடிஞ்சாதான் வரும்." கடைசி இழுப்பறையைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. "குடி இருக்கு. இருப்புல இருக்கறது குடி மட்டும்தான்."

மெக்கானிக் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சார், சார், இந்தப் புத்தகமே அவன் குடிக்கலைன்னு சொல்றதுக்குத்தான் சார்."

"அப்படியா?" அலுவலருக்கு உண்மையிலேயே ஆர்வம் வந்துவிட்டது. "நான் நாயகன் பக்கத்தை மட்டும்தான் பார்ப்பேன், அதனால தெரியல. ஆனா பாருங்க, எவ்வளவு பொருத்தமா அமைஞ்சுடுச்சு! குடிக்கலைன்னு நீங்க சொல்றீங்க. குடிக்கறான்னு நாங்க காட்டறோம். உள்முரண் தானா வந்துடுச்சு." முத்திரை விழுந்த சத்தம் படிக்கட்டு வரை கேட்டது.

மெக்கானிக் கத்தவில்லை, அழவில்லை. எழுதினதைத் திருப்பிக் கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். அதற்கு நான்காம் மாடியில் தனிப் பிரிவு இருந்தது. அதன் பேரே திரும்பப் பெறும் பிரிவு. ஓடினோம். அங்கிருந்தவர் எங்களுக்கு உட்கார நாற்காலி கொடுத்து, பொறுமையாக விளக்கினார்.

"வெளிவந்த நூலைத்தான் திரும்பப் பெற முடியும். இது இன்னும் வெளிவரலையே. இல்லாத ஒண்ணை நான் எப்படிங்க திரும்பக் குடுப்பேன்? முதல்ல வெளிவரட்டும், அப்புறம் வாங்க."

"வெளிவந்தா அவன் பேரு போயிடுமே சார்."

"பேர் போனாத்தான் நீங்க பாதிக்கப்பட்டவர். இப்பவே வந்தா எந்தப் பாதிப்புல உங்களை எழுதறது?"

அன்றைக்கு மெக்கானிக்கை வீடுவரை கொண்டுபோய் விட்டேன். தம்பி மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். லாண்டரியிலிருந்து நேராக வந்தவள். கையில் சூடுபட்ட தழும்பு பளபளத்தது. "ஆச்சா மாமா?" என்றாள். அவர் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் கேட்டாள். பிறகு, "நானும் வரேன். எந்த மாடின்னு காட்டுங்க, நான் பேசிக்கறேன்" என்றாள்.

ஐந்தாம் மாடி முடிவுப் பிரிவுக்கு மறுநாள் மூவருமாகப் போனோம். அங்கே இருந்தவர் மிகவும் இளகிய மனசுக்காரர். இவள்தான் மனைவி என்று தெரிந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

"கவலையே படாதீங்கம்மா. நல்ல முடிவு குடுத்திருக்கோம். கடைசியில அவர் பாட்டிலைத் தூக்கிப் போட்டு உடைச்சுட்டு பாய்லரைப் பார்த்து ஓடறார். திருந்திட்டார். எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"திருந்தறதுக்கு அவரு என்னங்க தப்புப் பண்ணாரு?"

"அது மூணாவது மாடியில இருக்கும்மா. நான் கடைசிப் பக்கம் மட்டும்தான்."

"அவரு குடிக்க மாட்டாருங்க. நான் கூட வாழ்ந்தவ, எனக்குத் தெரியாதா?"

"அதான் அழகே" என்றார் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மனைவிக்குக் கூடத் தெரியாம குடிச்சிருக்கார்."

அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அறையின் மேஜையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். செய்யவில்லை, என் தேனீப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் அதே மேஜையில் அவர் கண்ணீருக்காகக் காத்திருந்தது. முத்திரை வேண்டியவனுக்கு ரோஷம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

சில வாரம் கழித்து கழகத்தின் இயக்குநரே மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். இயக்குநர் எழுந்து நின்று கை குலுக்கினார்.

"உங்களுக்கு யோகம்தான் போங்க! வெளிவரதுக்கு முன்னாடியே புத்தகம் வித்துடுச்சு. மொத்தமா ஒரே இடத்துல வாங்கறாங்க. எந்த இடம்னு சொல்லுங்க பார்ப்போம். சோப்புத் தொழிற்சாலை! பாதுகாப்பு வாரத்துல ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பிரதி குடுக்கப் போறாங்க. குடிச்சுட்டு வேலைக்கு வராதீங்கன்னு ஆயிரம் போர்டு வைக்கறதை விட இது மேல்னு நிர்வாகியே சொன்னார். அவரேதான் வந்து வெளியிடறார். இலக்கியத்தால சமூகத்துக்கு என்ன லாபம்னு கேக்கறவங்க வாயை அடைச்சுட்டீங்க." அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரு கண்ணாடிக் குவளை, அதில் பொங்கும் நுரை. தலைப்பும் 'நுரை.' "ஒத்தைச் சொல் தலைப்புதான் இப்ப போகுது."

மெக்கானிக் அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பேர் அதில் இருந்தது. ஓர் எழுத்துக்கூட மாறாமல் புத்தகத்தில் தப்பித்திருந்தது அது ஒன்றுதான்.

நிர்வாகி படியேறி வருவாரா? லிப்ட்டை ஓட விடுவது என்று கழகம் முடிவு செய்தது. விழா நாளன்று காலை நாங்கள் போனபோது மஞ்சள் பலகையைக் காணோம். கதவுக்கு ரோஜா நிறத்தில் பெயின்ட், உள்ளே முழு உயரக் கண்ணாடி, தரையில் கம்பளம். மெக்கானிக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கதவின் மேல்புறத்தைப் பார்த்தார். கதவு சரியாக மூடினால்தான் லிப்ட் நகர வேண்டும். அதற்கு அங்கே ஒரு சின்ன பூட்டு இணைப்பு உண்டாம். அது தேய்ந்துபோய் அடிக்கடி விலகியதால், குறுக்கே ஒரு கம்பி போட்டுச் சுற்றி வைத்திருந்தார்கள். இப்போது கதவு திறந்திருந்தாலும் லிப்ட் போகும்.

"சார், இதை இப்படிக் கட்டக் கூடாது" என்றார் கட்டிட மேலாளரிடம். "கதவு திறந்த வாக்குல லிப்ட் கிளம்பினா ஆள் நசுங்கிடும். புது இணைப்பு மாத்தணும்."

"தெரியும்ங்க. விழா முடியட்டும்" என்றார் கட்டிட மேலாளர்.

மெக்கானிக் அவரை ஏறிட்டுப் பார்த்தார். தம்பி வாயிலாக அவர் காதில் விழுந்திருந்த அதே பேச்சு. பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். கம்பியை அறுத்து, கட்டிட மேலாளரின் கையில் வைத்தார்.

"இனிமே கதவு இணைப்பு லேசா விலகினாலும் லிப்ட் நின்னுடும். நின்னா யாருக்கும் ஆபத்து இல்ல. சரி பண்ணாம யாரையும் ஏத்தாதீங்க."

கட்டிட மேலாளர் அவர் போனதும் ஒரு முறை மேலே கீழே ஓட்டிப் பார்த்தார். ஓடியது. மெக்கானிக்குக்குத் தொழில் தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார்.

விழா ஆறாம் மாடி அரங்கில். ஏற்புரை என்று மெக்கானிக்கிடம் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதுவும் செம்மை செய்யப்பட்டது. 'நன்றி' என்ற சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. தம்பி மனைவி வந்திருந்தாள். அந்த நிர்வாகியின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். என் புத்தகமும் அன்றைக்குத்தான் வெளியீடு. விழாவுக்கு வந்த நாங்கள் எல்லாரும் மூச்சிரைக்கப் படியேறிக்கொண்டிருந்தபோது, இயக்குநரும் நிர்வாகியும் ரோஜா நிறக் கதவுக்குள் போனார்கள். லிப்ட் கிளம்பி இரண்டாம் மாடியைத் தாண்டியது. மூன்றாம் மாடிக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது நின்றது.

உள்ளே தட்டும் சத்தம், பிறகு அலறல். மெக்கானிக் மூன்றாம் மாடிக் கதவைத் தன் பையிலிருந்த லிப்ட் சாவியால் கை நுழைகிற அளவு திறந்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். இடுக்கு வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. மேலே மோட்டார் அறைக்குப் போனால் கையால் சுற்றி இறக்கிவிடலாம். ஆனால் மோட்டார் அறைச் சாவி கட்டிட மேலாளரிடம். அவரோ மாலை வாங்கத் தெருக்கோடிக்குப் போயிருந்தார். அவரைத் தேடி ஓர் ஆள் ஓடினார்.

"மூச்சு முட்டுதே! கயிறு அறுந்துடுமாய்யா?" என்று நிர்வாகி கத்தினார்.

"அறுந்துடாது சார். நிக்க வேண்டியதாலதான் நின்னிருக்கு. சாவி வந்ததும் இறக்கிடறேன். அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க கேட்டுக்கிட்டே இருங்க. பயம் தெரியாது." மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சை நிறுத்தக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடமாம்.

"என்னத்தையாவது பேசுய்யா!"

"எனக்குத் தெரிஞ்சது ஒரே கதைதான் சார்" என்று மெக்கானிக் தொடங்கினார். "என் தம்பி சோடா கூடக் குடிக்க மாட்டான்."

படியில் இருந்தவர்கள் அப்படி அப்படியே உட்கார்ந்தார்கள். அவர் கதையில் மலை இல்லை, கொக்கி இல்லை. சோப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தும் அவன்மேல் எண்ணெய் நாற்றம்தான் அடிக்கும், வீட்டுக்கு வந்ததும் வேறு கம்பெனி சோப்புப் போட்டுக் குளிப்பான் என்றார். சிரிப்பு எழுந்தது. ஒருநாள் நண்பர்கள் வற்புறுத்தி அரை பாட்டில் சோடா குடிக்க வைத்து, சாயங்காலம் வரை அவன் விக்க விக்க, அவன் முதுகில் குத்தியே பொண்டாட்டிக்குக் கை வலித்துப்போனதைச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரிப்பு அழுகையாக மாறியபோது யாரோ ஒரு பெண் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வால்வு, கம்பி, அறுத்தது, கட்டியது, மறுபடி அறுத்தது.

"நிறுத்துய்யா!" என்றது உள்ளிருந்து நிர்வாகியின் குரல். "கம்பியைக் கட்டுன்னு நான் சொல்லவே இல்ல! ஆர்டர் தாமதமாகக் கூடாதுன்னு மட்டும்தான் சொன்னேன். அவனுங்க கட்டினா அதுக்கு நானா? குடிச்சிருந்தான்னு போடச் சொன்னது கூட வக்கீல்தான். எனக்கு அந்தப் பையனைத் தெரியவே தெரியாது! கதவைத் திற!"

படிக்கட்டு முழுக்கக் கேட்டது. அடுத்து இயக்குநரின் குரல் இடுக்கு வழியாக வந்தது.

"இது சரியா வராது. எதிர்நாயகன் இப்படிப் பொசுக்குன்னு ஒத்துக்கிட்டா வாசகர் நம்பமாட்டாங்க."

தம்பி மனைவி எழுந்து நின்றாள். "கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்கள்ல?" என்று படி முழுக்கப் பார்த்துக் கேட்டாள். எல்லாரும் தலையாட்டினோம். குறைப் பிரிவு அலுவலர் கூடத் தன் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றிருந்தார். "குடி இல்லையா அப்ப?" என்றார் கவலையோடு. "அதை இருப்புல திரும்ப வச்சாகணுமே."

சாவி வந்தது. மெக்கானிக் மேலே ஓடிப் பிரேக்கைத் தளர்த்தி, கையால் சுற்றி, இரண்டாம் மாடிக்கு அலுங்காமல் இறக்கினார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சாவியைத் தொலைத்திருப்பேன். அவருக்கு அது தோன்றியிருக்காது. நிர்வாகி வெளியே வந்தார், முகத்தைத் துடைத்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மேலிருந்து இறங்கி வந்து எதிரே எண்ணெய்க் கையோடு நின்ற மெக்கானிக்கைப் பார்த்து, "நல்லா சொல்றீங்க. எழுதலாமே" என்றார். பிறகு படியேறிப் போய் புத்தகத்தை வெளியிட்டார். படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டார்கள்.

பாய்லர் விபத்து பற்றி விசாரணை என்று ஒன்று நடக்கத்தான் செய்தது. படியில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கேட்ட மாதிரிதான் இருந்தது, ஆனால் புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே, அண்ணனே எழுதியிருக்கிறாரே என்று ஒவ்வொருவராக இழுத்தார்கள். நான் இழுக்கவில்லை. நிர்வாகி சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அதிகாரி என் புத்தகத்தைப் புரட்டினார்.

"ராணித் தேனீ காதல் தோல்வியில அழுதுச்சுன்னு எழுதியிருக்கீங்க. உங்க பேச்சை எதை வச்சுங்க நம்பறது?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன். திரும்பப் பெறும் பிரிவுக்கு மெக்கானிக் மறுபடி போனார். நூல் மொத்தமாக விற்றுத் தீர்ந்துவிட்டதால் திரும்பப் பெறக் கையில் பிரதி இல்லை என்றார்கள்.

அதோடு அவரை நான் பார்க்கவில்லை. போன மாதம் ஒரு பல் மருத்துவரைப் பார்க்கப் போன இடத்தில் லிப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நானும், முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்திருந்த ஓர் அம்மாவும், டை கட்டிய இருவரும். அந்த அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் மேலே கதவு இடுக்கில் வெளிச்சம் விழுந்தது.

"பயப்படாதீங்க. நிக்க வேண்டியதாலதான் நின்னிருக்கு" என்றது குரல். "மேல மோட்டார் ரூமுக்கு உதவிப் பையன் போயிருக்கான், இறக்கிடலாம். அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

மெக்கானிக்கின் குரல். நான் உள்ளே இருப்பதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயம். அதே கதை, அதே வரிசை. சோடா, வேறு கம்பெனி சோப்பு, கம்பி, உறை போட்ட பெண்கள். இப்போது கடைசியில் ஒன்று கூடச் சேர்ந்திருந்தது: வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், "இன்னைக்கு யாராவது மாட்டினாங்களா மாமா?" என்று தம்பி மனைவி கேட்பாளாம். இத்தனை பேர் என்று சொன்னால் அன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவாளாம்.

டை கட்டியவர்கள் கைபேசியைக் கீழே இறக்கியிருந்தார்கள். அந்த அம்மா இடுக்கை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"ஏம்ப்பா, அந்தப் பையன் குடிக்கவே மாட்டானா?"

"சோடா குடிச்சாலே விக்கல் வரும்மா" என்றார் மெக்கானிக். லிப்ட் மெல்ல இறங்கத் தொடங்கியது.